வாடகை வாய்

என் நாத்தனார் உக்காந்து நான் பார்த்ததே இல்ல. சாப்பிடறதுகூட நின்னுக்கிட்டேதான். தட்டைக் கையில ஏந்திக்கிட்டு அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடப்பா, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பா. பார்க்கிற எனக்குத் தலை சுத்தும். "யாருடி உன்னைத் துரத்தறா?"ன்னு கேட்டா, "தெரியல அண்ணி, கால் சும்மா இருக்க மாட்டேங்குது"ம்பா. பஸ்ஸுல இடம் காலியா இருந்தாலும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஜென்மம்.

அவளுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியில. டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. நம்மளை மாதிரி இந்த ஊருக்குப் பொழைக்க வந்து, பாஷை தெரியாம திருதிருன்னு முழிக்கிற ஜனங்களுக்கும் டாக்டருக்கும் நடுவுல நின்னு பேசிக் கொடுக்கிறவ. கழுத்துல நீலப் பட்டையில ஒரு பேட்ஜ், அதுல 'மொழிபெயர்ப்பாளர்'னு ரெண்டு பாஷையிலயும் போட்டிருக்கும். நான் அவளுக்கு வச்ச பேரு 'வாடகை வாய்'. கோவிச்சுக்க மாட்டா. கோவிச்சுக்கிறதுக்கும் ஒரு ஆள் உள்ள இருக்கணுமில்ல?

அவங்க வேலையில ஒரு சட்டம் இருக்கு. "இவருக்கு வயிறு வலிக்குதாம்"னு சொல்லக்கூடாது. "எனக்கு வயிறு வலிக்குது"ன்னே சொல்லணும். டாக்டர் "நான் ஊசி போடறேன்"னா, இவளும் "நான் ஊசி போடறேன்"னுதான் சொல்லணும். நடுவுல ஒருத்தி நிக்கிற நினைப்பே வரக்கூடாதாம். சரி, இவளுக்கே ஏதாவது புரியலைன்னா? அப்ப இவ 'நான்'னு வாயைத் திறக்கக் கூடாது. "மொழிபெயர்ப்பாளர் ஒரு சந்தேகம் கேக்கிறார்"னு, யாரோ பக்கத்து வீட்டு அம்மாவைப் பத்திப் பேசற மாதிரி பேசணும். கூத்தைப் பாத்தீங்களா! ஊருல உள்ளவங்க எல்லாம் இவ வாய்க்கு 'நான்', இவ மட்டும் இவ வாய்க்கு யாரோ.

ஒரே நாள்ல எத்தனை 'நான்' தெரியுமா? காலையில எழுபது வயசுப் பெரியவர், பதினோரு மணிக்குப் பிள்ளைத்தாச்சி, மத்தியானம் நீர்க்குழாயில கல்லு அடைச்ச லாரி டிரைவர், சாயங்காலம் தலையில தையல் போட்டுக்கிற பள்ளிக்கூடப் பொண்ணு. அத்தனை பேரோட வலியும் "எனக்கு, எனக்கு"ன்னு இவ வாய் வழியாப் போகும். அப்புறம் கால் எப்படிச் சும்மா இருக்கும், சொல்லுங்க.

ஒரு தடவை எனக்குச் செருப்பு வாங்கப் போனோம். போட்டுப் பார்த்துட்டு, "எனக்குக் குதிகால்ல கடிக்குது"ன்னேன். இவ பழக்க தோஷத்துல கடைக்காரர்கிட்ட அவங்க பாஷையில "எனக்குக் குதிகால்ல கடிக்குது"ன்னா. அந்த மனுஷன் மண்டி போட்டு இவ காலைத் தூக்கிச் செருப்பைக் கழட்டிட்டார். இவளும் எங்கயோ பார்த்துக்கிட்டு காலைக் கொடுத்துக்கிட்டு நிக்கிறா! நான் ஒத்தைச் செருப்போட சிரிச்ச சிரிப்புல கடையே திரும்பிப் பார்த்துச்சு.

ஆனா எல்லா நாளும் சிரிக்க முடியல. ஒரு சாயங்காலம் நான் வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருக்கேன், இவ பின்னாடி நடந்துக்கிட்டிருக்கா. திடீர்னு, "எனக்கு இன்னும் மூணு மாசம்தான்"ங்கறா. கத்தி கையை விட்டு நழுவிடுச்சு. "யாருக்குடி?"ன்னு கத்தினேன். "ஐயோ, இல்ல அண்ணி. பதினாலாம் நம்பர் கட்டில். மத்தியானம் சொன்னது. நாக்குல ஒட்டிக்கிச்சு போல"ன்னா. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

வேடிக்கை என்னன்னா, தனக்குன்னு கேட்டா வாயில ஈ நுழைஞ்சாலும் பேச்சு வராது. "தோசையா சப்பாத்தியாடி?" "எதுன்னாலும் சரி." "இந்தப் புடவை பிடிச்சிருக்கா?" "நல்லாத்தானே இருக்கு." நாப்பத்தோரு வயசாச்சு, "கல்யாணம் வேணுமா வேண்டாமா, ஒண்ணு சொல்லித் தொலையேன்"னு ஒரு நாள் பிடிச்சுக்கிட்டேன். "அதுக்கென்ன இப்போ"ன்னுட்டு பாத்திரம் கழுவப் போயிட்டா. வேணும்னும் இல்ல, வேண்டாம்னும் இல்ல. அப்படியே சுர்ருன்னு கோவம் வரும் எனக்கு.

என் கதையையும் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னால புரியாது. நான் ஒரு ஓட்டல்ல துணி வெளுக்கிற இடத்துல வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, துண்டு, மேஜைத் துணி, நாள் பூரா ஆவியில. இந்த ஊர் பாஷையில எனக்குத் தெரிஞ்சது மொத்தம் நாப்பது வார்த்தை. அதுல பாதி 'சூடு', 'சீக்கிரம்', 'அதைத் தொடாதே'. வேலைக்குச் சேர்ந்த புதுசுல மேஸ்திரியம்மாகிட்ட அவங்க பாஷையில "லேட்டா வந்தது"ன்னு சொல்லுவேன். "யாரு?"ம்பா. "மேஜைத் துணி மடிச்சது"ம்பேன். "யாரு?"ம்பா. ஒவ்வொரு தடவையும் யாரு, யாரு! எதிர்ல நிக்கிறேனே, கண்ணு தெரியலையான்னு எரிச்சலா வரும். நாத்தனார்கிட்ட புலம்பினேன்.

"அண்ணி, நம்ம பாஷையில 'வந்தேன்'னு சொன்னா போதும். அந்த வால்லயே நீங்க இருக்கீங்க. 'வந்தா'ன்னா அவ, 'வந்தாங்க'ன்னா மரியாதை. தனியா 'நான்'னு சொல்லத் தேவையே இல்ல. இவங்க பாஷையில அந்த வால் கிடையாது. யாரு வந்தாலும் ஒரே வார்த்தைதான். 'நான்'னு முன்னாடி நீங்க நிக்கலைன்னா அங்க ஆளே இல்லைன்னு அர்த்தம்"னு விளக்கினா.

"நமக்கு வால் நீளம்னு எங்க அம்மா அப்பவே சொல்லுவாங்க"ன்னேன். அவளும் சிரிச்சா. ஆனா பழக்கம் போகுமா? இன்னிக்கும் அந்த 'நான்' எனக்கு முன்னாடி வராது. மேஸ்திரியம்மாவும் "யாரு?"வை விடறதில்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் வீட்டுக்காரர், அவளுக்குக் கூடப் பொறந்த ஒரே அண்ணன், இருபத்திரண்டு வருஷமா பஸ் ஓட்டறவர். இந்த ஊர் பாஷை ரோட்டுக்கும் ஸ்டாப்புக்கும் வேண்டிய அளவுதான் தெரியும். சர்க்கரை உண்டு. மாத்திரையை ஒரு நாள் போடுவார், மூணு நாள் மறப்பார். போன மாசம் புது பூட்ஸ் கடிச்சு வலது கால் சுண்டுவிரல்ல ஒரு கொப்புளம். எனக்குத் தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவேன்னு வீட்டுக்குள்ளயும் சாக்ஸ் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கார். "என்ன, துரை மாதிரி சாக்ஸு?"ன்னு நானும் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஒரு காலையில அறைக்குள்ள நுழைஞ்சப்ப நாத்தம் குப்புன்னு வந்துச்சு. சாக்ஸை உருவினேன். பாதி பாதம் கறுத்திருந்துச்சு, உடம்பு நெருப்பா கொதிச்சுது.

பெரிய ஆஸ்பத்திரியில மூணாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். டாக்டரம்மா நல்ல நெட்டை, வாசல்ல குனிஞ்சு வருவாங்க. ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க. நடுவுல பேசறதுக்குப் போனைக் கொண்டுவந்து கட்டில்மேல வச்சாங்க. சொந்தக்காரங்க மொழிபெயர்க்கக் கூடாதுன்னு அங்க சட்டம், அதனால எங்கயோ இருக்கிற ஒரு ஆள் போன்ல பேசிக் கொடுப்பாராம். இவர் கத்தினார் பாருங்க: "முகம் தெரியாதவன்கிட்ட என் காலைப் பத்திப் பேசவா? எடுத்துக்கிட்டுப் போங்க அந்தச் சனியனை!" சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில நம்ம பாஷைக்கு ரெண்டே பேர். ஒருத்தி பிரசவ லீவுல. இன்னொருத்தி என் நாத்தனார். வேற வழியில்லாம, அண்ணன்னு தெரிஞ்சேதான் அனுமதிக்கிறோம், ஒரு வார்த்தை கூட்டக் குறைக்கக் கூடாதுன்னு எழுதி அவகிட்ட கையெழுத்து வாங்கினாங்க. மீறினா பேட்ஜ் போயிடும். காலையில பத்து மணி இருக்கும். இவ உள்ள வந்து கட்டிலுக்குப் பக்கத்துல, டாக்டரம்மாவுக்கு அரை அடி பின்னாடி நின்னா. ஒரு காலை மாத்தி மறுகால்ல நிக்கிறா, மறுபடி மாத்தறா.

டாக்டரம்மா பேசினாங்க. இவ தமிழ்ல சொன்னா: "நான் உங்க காலை நல்லா பரிசோதிச்சுட்டேன். உங்க வலது காலை முட்டிக்குக் கீழ நான் எடுக்க வேண்டியிருக்கு."

அவர் மெதுவா இந்தப் பக்கம் திரும்பினார். டாக்டரம்மாவைப் பார்க்கல. தங்கச்சியைத்தான் பார்த்தார்.

"என்ன சொன்னே?"

அவ அதை டாக்டரம்மாவுக்குச் சொன்னா. அவங்க திரும்பச் சொன்னாங்க. இவ திரும்பவும், "உங்க வலது காலை முட்டிக்குக் கீழ நான் எடுக்க வேண்டியிருக்கு."

"நீ எடுப்பியா? என் காலை நீ எடுப்பியா? யாரைடி 'உங்க, நீங்க'ங்கறே? பொறந்ததுலேருந்து 'நீ வா, நீ போ'ன்னு வளர்ந்த கழுதை, இன்னிக்கு என்ன மரியாதை வாழுது? செத்தவனுக்குக் கொடுக்கிற மரியாதையா?"

அவ முகத்துல ஒண்ணுமே இல்ல. அத்தனையையும், கழுதை உள்பட, டாக்டரம்மாவுக்குச் சொன்னா. டாக்டரம்மா பாவம், "நான் உங்களைக் கழுதைன்னு நினைக்கல"ன்னு ஏதோ சொன்னாங்க. அதையும் இவ திருப்பிச் சொன்னா.

அப்புறம் டாக்டரம்மா வேகமா ஏதோ சொல்ல, இவ கையைத் தூக்கி நிறுத்தி ஒரு கேள்வி கேட்டா. அந்தக் கேள்வி எனக்குத் தெரியும், வீட்டுல சொல்லிச் சிரிச்சிருக்கா. அவங்க பாஷையில 'நாம'வுக்கும் 'நாங்க'வுக்கும் ஒரே வார்த்தைதானாம். டாக்டருங்க அதைச் சொல்லும்போதெல்லாம் இவ நிறுத்தி, "அதுல நோயாளியும் சேர்த்தியா, இல்ல டாக்டருங்க மட்டுமா?"ன்னு கேட்டுத்தான் சொல்லணும். முதல்ல எல்லாரும் பல்லைக் கடிப்பாங்களாம். இந்த நெட்டை டாக்டரம்மா கடிக்கல. அவரைக் காட்டினாங்க, தன்னைக் காட்டினாங்க, என்னைக்கூடக் காட்டினாங்க.

"நமக்கு நேரம் இல்ல"ன்னா நாத்தனார். "ரெண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் வச்சிருக்கேன். அதைத் தாண்டினா விஷம் ரத்தத்துல ஏறிடும். அப்புறம் என்னால உங்களைக் காப்பாத்த முடியாது."

"எனக்கு வேண்டாம்"னார் அவர். "முழு ஆளா வந்தேன், முழு ஆளாப் போறேன்."

அவ சொன்னா. அப்படியே. ஒரு மூச்சு கூடக்குறைய இல்லாம.

ஒரு மணிக்குத் திரும்ப வரேன், யோசிச்சு வைங்கன்னு சொல்லிட்டு டாக்டரம்மா போயிட்டாங்க. நான் நாத்தனாரைக் கையைப் பிடிச்சு வராந்தாவுக்கு இழுத்துக்கிட்டு வந்தேன். அவ நடக்க ஆரம்பிச்சா. தண்ணி மிஷின் வரைக்கும் போவா, லிஃப்ட் வரைக்கும் வருவா. நானும் கூடவே ஓடறேன்.

"இங்க பாரு. அடுத்த தடவை அவர் வேண்டாம்னா, நீ சரின்னு சொல்லிடு."

"முடியாது அண்ணி."

"ஏன் முடியாது? டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியுமா? அவருக்கு அவங்க பாஷை ஒழுங்காத் தெரியுமா? ரெண்டு பேருக்கும் நடுவுல நீ ஒருத்திதான். 'நான் ஒத்துக்கறேன்', அவ்வளவுதானே? தினம் நூறு தடவை யார் யாருக்கோ சொல்றே. உன் அண்ணனுக்காக ஒரே ஒரு தடவை சொல்லக்கூடாதா?"

"மயக்கம் தெளிஞ்சு காலைத் தேடுவான் அண்ணி. யாருடா ஒத்துக்கிட்டதுன்னு கேட்பான். அப்ப நான் என்ன சொல்றது?"

"உயிரோட கேட்பாரில்ல! கேட்டுட்டுப் போகட்டும். திட்டட்டும், அடிக்கட்டும், மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லட்டும். உயிரோட சொல்லட்டும்!"

அவ லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தா. "அது அவனோட 'நான்'. என்னோடது இல்ல. எடுத்துக்க எனக்கு உரிமை இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. "உரிமையாம் உரிமை! உனக்குன்னு ஒரு வார்த்தை இல்லையாடி உள்ள? கூடப் பொறந்தவன் சாகக் கிடக்கிறான், நீ தபால் பெட்டி மாதிரி நிக்கிறே. இந்தப் பக்கம் போட்டா அந்தப் பக்கம் எடுத்துக்கலாம். சீ! நீ மனுஷிதானா?"ன்னு கேட்டுட்டேன். வராந்தாவுல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அவ பேட்ஜைப் பிடிச்சுத் திருகிக்கிட்டே தண்ணி மிஷினுக்கும் லிஃப்டுக்கும் நடந்தா. மணி பதினொன்னரை ஆச்சு, பன்னிரண்டு ஆச்சு. நானும் உக்காரல. அன்னிக்கு அவ வியாதி எனக்கும் தொத்திக்கிச்சு.

ஒரு மணிக்கு டாக்டரம்மா வந்தாங்க. இந்தத் தடவை கையில ஒரு ஃபாரம். 'எனக்கு ஆபரேஷன் வேண்டாம்'னு நோயாளி கையெழுத்துப் போடற ஃபாரம். போடறதுக்கு முன்னாடி, வேண்டாம்னா என்ன ஆகும்னு அவர் தன் வாயால சொல்லணுமாம், புரிஞ்சுக்கிட்டாரான்னு பார்க்க.

அவர் கூரையைப் பார்த்துக்கிட்டுச் சொன்னார். காய்ச்சல்ல குரல் கரகரத்துச்சு. "காலை எடுக்கலைன்னா நான் போயிடுவேன். தெரியும். பிரேக்கு மிதிக்கிற கால் அதுதான். அது இல்லாம நான் யாரு? வீட்டுல மூலையில கிடப்பேன். இவ துணி வெளுத்துக்கிட்டு வந்து எனக்குச் சோறு போடணும். என்னைக் கக்கூசுக்குத் தூக்கிக்கிட்டுப் போகணும். செத்தா நாலு நாள் அழுவாங்க. அப்புறம் எல்லாம் சரியாயிடும்."

நாத்தனார் அதை அவங்க பாஷையில சொல்ல ஆரம்பிச்சா. நான் அவ வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். மனசுக்குள்ள, மாத்திடுடி, மாத்திடுடின்னு கெஞ்சிக்கிட்டிருந்தேன். என் நாப்பது வார்த்தையில 'நான்' உண்டு, 'சாவு' உண்டு. ரெண்டும் ஒண்ணு பின்னால ஒண்ணா அவ வாயிலேருந்து வந்துச்சு. குரல் நடுங்கல, ஒண்ணுமில்ல. மாத்தல. பாவி, ஒரு எழுத்தும் மாத்தல.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டுட்டு ஃபாரத்தை அட்டையோட நீட்டினாங்க. அவர் கிறுக்கினார். அதுக்குக் கீழ இன்னொரு கோடு இருந்துச்சு. 'நான் மாற்றாமல் சொன்னேன்'னு மொழிபெயர்ப்பாளர் போட வேண்டிய கையெழுத்து. அட்டை இவ கைக்கு வந்துச்சு. பேனாவையும் வாங்கினா. குனிஞ்சா. பேனா முனை கோட்டுமேல போய் நின்னுச்சு. இடது காலை எடுத்து வலது கால்மேல வச்சா. வலதை எடுத்து இடதுமேல வச்சா.

அப்புறம் அட்டையைக் கட்டில்ல வச்சா. நீலப் பட்டையைத் தலைவழியா உருவி, பேட்ஜைக் கட்டிலோட சாப்பாட்டு மேஜையில, தண்ணி ஜாடிக்குப் பக்கத்துல வச்சா. டாக்டரம்மாவைப் பார்த்து ஒரே வரி சொன்னா. என்னன்னு பின்னால கேட்டேன். "மொழிபெயர்ப்பாளர் இதோட விலகிக்கிறார்"னு சொன்னாளாம்.

கட்டில் பக்கம் திரும்பினா.

"அண்ணா. இது நான்."

"தெரியுதே. பூதமா?"

"தெரியல உனக்கு. காலையிலேருந்து இந்த ரூம்ல நான் பேசவே இல்ல. இப்பதான் வாயைத் திறக்கிறேன். நாலு நாள் அழுவாங்கன்னு சொன்னியே, யாரு? ஊர் பேர் தெரியாத யாரோவா? நான் அழுவேன். நான்! நாலு நாள் இல்ல. நாப்பது வயசுக்கு மேல எனக்கு எங்கேருந்து கிடைப்பான் இன்னொரு அண்ணன்? எனக்கு உன்மேல கோவம் கோவமா வருது. புண்ணை சாக்ஸ் போட்டு மூடி வச்சியே, அறிவு இருக்கா உனக்கு? பிரேக்கு மிதிக்காட்டி நீ யாருன்னா கேக்கிறே? எனக்குத் தெரியும் நீ யாருன்னு. எனக்கு அந்தக் கால் வேண்டாம். அது எக்கேடோ கெட்டுப் போகட்டும். எனக்கு நீ வேணும். எனக்குப் பயமா இருக்கு அண்ணா. என்னால முடியல."

சொல்லிட்டு மூச்சு வாங்கினா. மூக்கு ஒழுகுது, துடைக்கக்கூடத் தோணல. பதினேழு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், அவ வாயிலேருந்து இத்தனை 'எனக்கு' வந்து நான் கேட்டதில்ல. அத்தனையும் அவளுக்கே அவளுக்கு.

டாக்டரம்மா திகைச்சுப் போய் அவளைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, கடைசியில என்னைப் பார்த்து, "என்ன சொல்றாங்க?"ன்னு கேட்டாங்க. அது எனக்கே புரியற கேள்வி. இனிமே பேசிக் கொடுக்க அந்த ரூம்ல ஆள் இல்ல, துணி வெளுக்கிற நான்தான் மிச்சம். நாப்பது வார்த்தையைத் துழாவினேன். கோவம், பயம், எதுக்கும் வார்த்தை இல்ல.

"அண்ணன் வேணும்"னேன் அவங்க பாஷையில.

"யாருக்கு?"ன்னாங்க டாக்டரம்மா.

"எனக்கு"ன்னு சொல்லிட்டேன். நெஞ்சுல அடிச்சுக்கிட்டே சொன்னேன். "எனக்கு. எனக்கு வேணும்." வெளிய வந்தப்புறம்தான் உறைச்சுது. அது அவளோட வார்த்தை, நான் என்னோடதா சொல்லிட்டேன். இத்தனை வருஷம் நான் கிண்டல் பண்ணின அதே சட்டப்படி. திருத்தலாம்னு பார்த்தா, திருத்த என்ன இருக்கு? எனக்கும் அதேதானே வேணும். அழுதுட்டேன்.

அவர் மருந்துத் தண்ணி சொட்டுச் சொட்டா இறங்கறதைப் பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் என்கிட்ட, "இவ இவ்வளவு பேசுவாளா?"ன்னார்.

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்"னேன்.

"கழுதை"ன்னார். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார். தண்ணி காதோரமா இறங்குச்சு. "சரி. எடுத்துத் தொலைக்கச் சொல்லு. ஃபாரத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லு."

இவ உடனே பேட்ஜுக்குக் கையை நீட்டினா. பழக்கம்! ஊசி குத்தின கையால அவர் அவ கையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டார்.

"நீ சொல்லாதே. என் காலை எடுக்கச் சொல்லி உன் வாயால வர வேண்டாம். அப்புறம் ராத்திரி அடுப்படியில அதையே சொல்லிக்கிட்டு நடப்பே. அந்தப் போனைக் கொண்டுவரச் சொல்லு. முகம் தெரியாட்டிப் பரவாயில்ல. நீ தங்கச்சியா உக்காரு."

அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்கு, பாருங்க. நான் மட்டும்தான் கவனிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

நர்சு ஓடிப் போய் போனைக் கொண்டுவந்து கட்டில்மேல வச்சாங்க. கொஞ்ச நேரம் ஏதோ பாட்டுப் பாடுச்சு. மணி ஒன்னே முக்கால். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கறாங்க, நான் டாக்டரம்மாவைப் பார்க்கிறேன். பாட்டு நின்னு ஒரு சின்னப் பொண்ணு குரல் வந்துச்சு. முதல்ல அவங்க பாஷையில ஏதோ சொல்லிட்டு, அப்புறம் தமிழ்ல, "வணக்கம். எல்லாரும் சொல்றதை மொழிபெயர்ப்பாளர் அப்படியே மாத்தாம சொல்லுவார். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ரூம்ல யார் யார் இருக்கீங்கன்னு மொழிபெயர்ப்பாளர் கேக்கிறார்"ன்னுச்சு.

"நான்தாம்மா நோயாளி"ன்னார் அவர்.

"நான் அவரோட சம்சாரம்"னேன். எந்தப் பாஷையா இருந்தா என்ன, அந்த 'நான்' அன்னிக்கு எனக்கு முன்னாடி வந்துச்சு.

"வேற யாராவது இருக்காங்களா?"

நாத்தனார் வாயைத் திறந்தா. "மொழி..."ன்னு ஆரம்பிச்சு, நிறுத்திட்டா. சுவரோரமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்துச்சு. அதைக் காலால இழுத்துக் கட்டிலோட ஒட்டிப் போட்டு, உக்காந்தா. அவரோட கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

"நான் இருக்கேன்"னா. "தங்கச்சி."

அந்தப் பொண்ணு அதை அவங்க பாஷையில, யாரோ ஒரு பொண்ணோட குரல்ல, "நான் இருக்கேன், தங்கச்சி"ன்னு டாக்டரம்மாவுக்குச் சொல்லுச்சு. நாத்தனாரோட முட்டி கிடுகிடுன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு. நான் பக்கத்துல போய், அதுமேல என் கையை வச்சுக்கிட்டேன்.